இரண்டரை சிசியில் ஒரு குட்டிக்கரணம்

போன எபிசோட்ல பேட்டரியில பறக்கிற தெர்மாகோல் விமானங்கள் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு இன்னைக்கு முழுக்கப் பேசப் போறேன். கேட்டவர் சென்னையில ஐ.டி. வேலையில இருக்கார். சொந்த ஊர் தேவாரம். தேனி மாவட்டத்துல, போடியிலிருந்து உத்தமபாளையம் போற மலையடிவார ரோட்டுல இருக்கிற ஊர். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அதுக்குப் பக்கத்துலதான். அவர் எழுதினது இது: "பொங்கல் லீவுல ஊருக்குப் போறப்ப பறக்கவிடணும். சின்ன சைஸ், ஆனா லூப், ரோல் எல்லாம் அடிக்கணும். பேட்டரி வேண்டாம், இன்ஜின் வேணும். அந்தச் சத்தம் வேணும். வீட்டுலயே கட்ட முடியுமா?"

கட்ட முடியும். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா கட்டுறது இதுல பெரிய சிக்கல் கிடையாது. டேங்க்ல எதை ஊத்துறதுங்கிறதுதான் பெரிய சிக்கல். அதுக்குப் பொறுமையா வருவோம்.

தமிழ்நாட்டுல இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் அஜித் பேரைச் சொல்லுவாங்க. அது நியாயம்தான். அவர் பல வருஷமா ரிமோட் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் பறக்கவிடுறவர். 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோட 'தக்‌ஷா' மாணவர் அணிக்கு ஆலோசகரா இருந்தார். அந்த வருஷம் ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆளில்லா விமானப் போட்டியில அந்த அணி இரண்டாவது இடம் வாங்குச்சு. அதே எம்.ஐ.டி.யிலதான் 1950கள்ல அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிச்சார். ஆனா ஒண்ணு: தக்‌ஷா பண்ணினது தானா வழி பார்த்துப் போற விமானம். நம்ம நேயர் கேட்கிறது நேர் எதிர். எந்த கம்ப்யூட்டரும் உதவிக்கு வராது. ஸ்டிக்கைப் பிடிச்சிருக்கிற உங்க ரெண்டு கட்டை விரல் மட்டும்தான்.

சரி, சின்னதுன்னா எவ்வளவு சின்னது? நான் சிபாரிசு பண்றது 2.5 சிசி இன்ஜின். டி.வி.எஸ். 50 ஞாபகம் இருக்கா? அதோட இன்ஜின்ல இருபதுல ஒரு பங்கு. உள்ளங்கையில மடக்கிடலாம். ஆனா 0.4 குதிரைத்திறன் கிட்ட கொடுக்கும். நிமிஷத்துக்கு 14,000 சுத்து சுத்தும். இதுக்குப் பொருத்தமான விமானம்னா இறக்கை ஒரு மீட்டர் நீளம், 22 சென்டிமீட்டர் அகலம். மொத்த எடை 900 கிராம்.

அந்த 900-ஐ சுவத்துல எழுதி ஒட்டிக்கங்க. ஏன்னா இந்த வேலையே எடையோட நடக்கிற சண்டைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினும் சைலன்சரும் சேர்ந்து 200 கிராம். அஞ்சு சின்ன சர்வோ, ரிசீவர், வயர் எல்லாம் 70. ரிசீவருக்கு ஒரு பேட்டரி 80. டேங்க் 20. சக்கரமும் கால் கம்பியும் 70. ப்ரொப்பெல்லர், நட்டு, போல்ட்டு 30. ஆக 470 போச்சு. மிச்சம் 430 கிராம்ல மரம், பசை, மேல ஒட்டுற ஃபிலிம் எல்லாம் அடங்கணும். அரைக் கிலோ தக்காளிகூட இல்ல. அதுல ஒரு முழு விமானம்.

"கொஞ்சம் கூடினா என்ன?"ன்னு கேட்பீங்க. 900 கிராம்ல இந்த விமானம் மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் குறைச்சு இறக்கலாம். 1,200 கிராம் ஆச்சுன்னா அது 35 ஆயிடும். கேட்க சின்ன வித்தியாசம். ஆனா மேடுபள்ளமான மண் தரையில, சின்ன சக்கரத்துல, அந்த அஞ்சு கிலோமீட்டர்தான் நல்லபடியா இறங்கறதுக்கும் கால் கம்பி பிச்சுக்கிட்டுப் போறதுக்கும் நடுவுல நிக்குது. அதைவிட முக்கியம், கனமான விமானம் லூப் உச்சியில திடீர்னு பிடி விட்டுடும். பசையைக் கொஞ்சமா வைங்க. "இன்னும் ஒரு துளி ஊத்தினா ஸ்ட்ராங்கா இருக்கும்"னு கை போகும். போக விடாதீங்க.

மரம் பால்சா. தென் அமெரிக்காவுல ஈக்வடார்ல இருந்து வர்றது. சென்னை, பெங்களூரு ஹாபி கடைகள்ல ஷீட்டா வாங்கலாம். வாங்கறப்ப ஒவ்வொரு ஷீட்டையும் எடை போட்டுப் பாருங்க. ஒரே சைஸ் ஷீட்ல ஒண்ணு இன்னொண்ணைவிட ஒன்றரை மடங்கு கனமா இருக்கும். லேசானதை வாலுக்கு, கனமானதை இறக்கையோட நடுக்கம்பிக்கு. வால்ல ஒரு கிராம் கூடினா, அதைச் சமன் பண்ண மூக்குல மூணு கிராம் வைக்க வேண்டி வரும். தேவாரத்துல ஒரு நல்ல ஆசாரி இருந்தா அவரோட உட்கார்ந்து கட்டுங்க. மரத்தோட ரேகை எந்தப் பக்கம் ஓடணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

வடிவத்துக்கு வருவோம். பழகுற விமானத்துல இறக்கை மேல இருக்கும், ரெண்டு முனையும் லேசா தூக்கியிருக்கும், அடிப்பக்கம் தட்டையா இருக்கும். ஸ்டிக்கை விட்டா தானா நிமிர்ந்துக்கும். சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் வெச்ச மாதிரி. குட்டிக்கரணம் அடிக்கிற விமானத்துக்கு அந்த நல்ல குணம் ஆகாது. தலைகீழா போட்டா தலைகீழாவே போகணும். அதனால இறக்கையோட மேல் வளைவும் கீழ் வளைவும் ஒண்ணா இருக்கணும், முனைகள் தூக்கியிருக்கக் கூடாது. இறக்கை, வால், இன்ஜின் மூணும் ஒரே கோணத்துல, பூஜ்யத்துல உட்காரணும்.

அழகைப் பத்திக் கவலைப்படாதீங்க. 1960கள்ல அமெரிக்காவுல ஃபில் கிராஃப்ட் வரைஞ்ச ஒரு விமானம், பேரே 'அக்லி ஸ்டிக்'. அசிங்கமான குச்சி! நீளப் பெட்டி மாதிரி உடம்பு, நேரா ஒரு பலகை மாதிரி இறக்கை. இன்னைக்கும் உலகம் முழுக்க அந்த ஜாடையில கட்டிக்கிட்டே இருக்காங்க. வரைஞ்ச ஆள் லேசுப்பட்டவர் இல்ல; 1967-ல் கோர்சிகாவுல நடந்த ஏரோபேட்டிக் உலகப் போட்டியில 'க்விக் ஃப்ளை'ங்கிற தன்னோட இன்னொரு விமானத்தோட ஜெயிச்சவர். முதல் விமானத்துக்கு அந்தப் பெட்டி உடம்பு போதும். வளைஞ்ச மூக்கு, கண்ணாடிக் கூண்டு எல்லாம் மூணாவது விமானத்துல பார்த்துக்கலாம்.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. விமானம் தலைகீழா போறப்ப இன்ஜின் ஏன் நின்னு போறதில்ல? பைக்கைக் கவுத்தா பெட்ரோல் கொட்டும், இன்ஜின் ஆஃப் ஆகும். இதுல டேங்குக்குள்ள ஒரு மெல்லிய சிலிகான் குழாய் தொங்கும். அதோட நுனியில ஒரு சின்ன பித்தளைக் குண்டு. விமானம் எப்படித் திரும்பினாலும் எரிபொருள் எந்தப் பக்கம் சாயுதோ, குண்டும் அதே பக்கம் போய் விழும். அவ்வளவுதான் ரகசியம். ஆனா குழாய் நீளம் ரொம்ப முக்கியம். நீளமா இருந்தா டேங்க் முன் பக்கத்துல போய் மாட்டிக்கும். டேங்க்கோட நடு உயரம் கார்புரேட்டர் நீடில் உயரத்துக்குச் சமமா இருக்கணும். இல்லேன்னா நேரா போறப்ப ஒரு மாதிரி, தலைகீழா போறப்ப வேற மாதிரி எரியும்.

நீடில் ட்யூனிங் எப்படின்னு புத்தகத்துல பத்துப் பக்கம் எழுதியிருப்பாங்க. ஆர்.எக்ஸ். 100 வேலை பார்த்த பழைய மெக்கானிக் யாராவது ஊர்ல இருந்தா அரை மணி நேரத்துல பிடிச்சுடுவார், ஏன்னா அது காதுல இருக்கிற வித்தை. முழு ஆக்சிலரேட்டர்ல நீடிலை மெதுவா மூடிக்கிட்டே வாங்க. சத்தம் கூர்மையாகி உச்சத்துக்குப் போகும். அங்க நிறுத்தாதீங்க. கொஞ்சம் திருப்பித் திறந்து, சத்தம் லேசா கனக்கிற இடத்துல விடுங்க. அப்புறம் விமானத்தோட மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிங்க. அப்பவும் மூச்சுத் திணறாம ஓடினா சரி.

ஒரு எச்சரிக்கை. இந்த இன்ஜினுக்கு 8 இன்ச் ப்ரொப்பெல்லர். 14,000 சுத்துல அதோட நுனி மணிக்கு சுமார் 530 கிலோமீட்டர் வேகத்துல போகுது. ஒரு பஸ் அந்த வேகத்துல ஓடினா தேவாரத்துல ஏறி ஒரு மணி நேரத்துல சென்னையில இறங்கலாம். விரல் வெச்சா எலும்பு வரைக்கும் போகும். ரப்பர் சுத்தின குச்சியால மட்டும் தட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. நீடிலைத் திருப்பறது பின்னாடி நின்னுதான். முன்னாடியோ பக்கவாட்டிலோ யாரும் நிக்கக் கூடாது, முக்கியமா வேடிக்கை பார்க்க வர்ற சின்னப் பசங்க.

சரி, டேங்க்.

இந்தச் சின்ன இன்ஜின்கள்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக். 1947-ல் அமெரிக்காவுல ரே ஆர்டன் இதை மார்க்கெட்டுக்குக் கொண்டு வந்தப்புறம்தான் சின்ன இன்ஜின்கள் எல்லார் கைக்கும் வந்துச்சு. உள்ள ஒரு பிளாட்டினம் சுருள் இருக்கும். ஒன்றரை வோல்ட் கொடுத்து சிவக்க வெச்சு ஸ்டார்ட் பண்ணணும், அப்புறம் வயரைக் கழட்டிடலாம். பிளாட்டினமும் எரிபொருளும் படுறப்ப நடக்கிற வேதி வினையே சுருளைச் சூடா வெச்சிருக்கும். காயில் வேண்டாம், பேட்டரி வேண்டாம். எடை மிச்சம். ஆனா அந்த வினை நடக்கணும்னா எரிபொருள் மெத்தனாலா இருக்கணும். பெட்ரோல்ல நடக்காது. உலகப் போட்டிகள்ல சில பிரிவுகளுக்கு வெச்சிருக்கிற கலவை 80 பங்கு மெத்தனால், 20 பங்கு எண்ணெய்.

அந்த எண்ணெய் எது தெரியுமா? நம்ம விளக்கெண்ணெய். ஆமணக்கு. முதல் உலகப் போர் விமானங்கள்லயும் இதைத்தான் ஊத்தினாங்க. 'கேஸ்ட்ரால்'ங்கிற பேரே ஆமணக்கோட ஆங்கிலப் பேர்ல இருந்து வந்ததுதான். சாதாரண இன்ஜின் ஆயில் மெத்தனாலோட கலக்காது, விளக்கெண்ணெய் கலக்கும். சூடு ஏறினாலும் உலோகத்தை விட்டுப் போகாது. ஆனா பாட்டி காய்ச்சி வெச்ச விளக்கெண்ணெயை ஊத்திடாதீங்க. விதையை இடிச்சு தண்ணியில கொதிக்க வெச்சு எடுக்கிறது அது. ஈரமும் கசடும் இருக்கும். சுத்திகரிச்ச, தெளிஞ்ச எண்ணெய் வேணும்.

எண்ணெய் சுலபம். மெத்தனால்தான் விஷயமே. 2023 மே மாசம் மரக்காணத்துலயும் செங்கல்பட்டுப் பக்கமும் 20-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேற்பட்டவங்க. ரெண்டு இடத்துலயும் சாராயத்துல கலந்திருந்தது மெத்தனால். தமிழ்நாட்டுல இதை வாங்கறதுக்கும் வைக்கிறதுக்கும் லைசென்ஸ் வேணும். ஹாபி பண்றவங்க சிலர் இதை ஒரு தொல்லையா பேசுறதைக் கேட்டிருக்கேன். எனக்கு அப்படித் தோணல.

ஏன்னு சொல்றேன். நம்ம நேயர் பொங்கலுக்கு அஞ்சு நாள் ஊர்ல இருப்பார். பறக்கவிடுவார். அப்புறம் சென்னை பஸ் ஏறிடுவார். மிச்சம் இருக்கிற மூணு லிட்டர் கேன் எங்க இருக்கும்? மாடிப்படிக்குக் கீழயோ தோட்டத்து மோட்டார் ரூம்லயோ. தெளிவான தண்ணி மாதிரி இருக்கும். வாசனை குடிக்கிற ஸ்பிரிட் மாதிரியே இருக்கும். "தம்பி ஏதோ ஸ்பிரிட் வெச்சுட்டுப் போயிருக்கான்"னு ஒருத்தர் நினைச்சா போதும். 10 மில்லி கண் பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரை எடுக்கலாம். ரெண்டு டேபிள் ஸ்பூன் அது. குடிச்ச உடனே பெருசா எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சுத்தான் கண் மங்க ஆரம்பிக்கும். போதாததுக்கு அது எரியறப்ப பகல் வெளிச்சத்துல தீ கண்ணுக்கே தெரியாது.

அதனால என் பதில் நேரடியா: மெத்தனாலை தேவாரத்து வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. கலந்து விற்கிற மாடல் எரிபொருளும் இதுல சேர்த்திதான். அதுலயும் பெரும்பங்கு மெத்தனாலே.

அப்ப இன்ஜின் கனவு? ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, விமானத்தை ரெண்டு மூக்கோட கட்டுங்க. முன்பக்கப் பலகையில நாலு போல்ட் துளை. அதுல இன்ஜினும் மாட்டலாம், மின் மோட்டாரும் மாட்டலாம். எடை கிட்டத்தட்ட ஒண்ணா வரும்: இன்ஜின், டேங்க், எரிபொருள், ரிசீவர் பேட்டரி, ஆக்சிலரேட்டர் சர்வோ எல்லாம் சேர்த்து 360 கிராம். மோட்டார், கன்ட்ரோலர், மூணு செல் 2,200 மில்லி ஆம்பியர் பேட்டரி சேர்த்து சுமார் 310. ஊர்ல மோட்டார் போட்டுப் பறக்கவிடுங்க. லைசென்ஸ், பாதுகாப்பு எல்லாம் முறையா வெச்சு எரிபொருள் கொடுக்கிற ஃப்ளையிங் கிளப் கிடைச்சா அங்க இன்ஜின் மாட்டுங்க. மிச்ச எரிபொருள் அங்கயே இருக்கட்டும்.

ரெண்டாவது வழி பெட்ரோல். இப்ப 9, 10 சிசியில ஸ்பார்க் பிளக் வெச்ச பெட்ரோல் இன்ஜின்கள் வருது. பங்க்ல வாங்கின பெட்ரோல், கூட டூ-ஸ்ட்ரோக் ஆயில். சத்தம் அட்டகாசமா இருக்கும். ஆனா விமானம் பெருசாகும்: இறக்கை ஒன்றரை மீட்டர், எடை ரெண்டரை கிலோ பக்கம். தெர்மாகோல் இறக்கை வெச்சிருந்தா இன்னொரு ஆபத்து, பெட்ரோல் பட்டா அது கரைஞ்சுடும். மெத்தனாலுக்குக் கரையாது, அதுல அது ஒண்ணுதான் நல்ல குணம். சத்தம் இல்லாம முடியவே முடியாதுன்னா இந்த வழிக்கு வாங்க. ஆனா முதல் விமானமா வேண்டாம்.

பழைய ஆட்கள் 'டீசல்'னு ஒரு வகை சொல்வாங்க. பிளக்கே இல்லாம அழுத்தத்துலயே பத்திக்கிற இன்ஜின். 'அரோரா'ன்னு இந்தியாவுலயே செஞ்ச ஒண்ணும் இருந்துச்சு. மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் ரெண்டும் நமக்குத் தெரிஞ்சதுதான். மூணாவதா ஈதர் வேணும், அது மெத்தனாலுக்குத் தம்பி மாதிரி இன்னொரு தலைவலி. விடுங்க.

அடுத்து காத்து. பொங்கலுக்குப் போறீங்க, நல்ல காலம். ஆடியில அம்மி பறக்கும்னு சொல்றது கம்பம் பள்ளத்தாக்குக்கு ரொம்பவே பொருந்தும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருந்து வர்ற தென்மேற்குக் காத்து முகட்டைத் தாண்டி கிழக்கால இறங்கும். மலையடிவாரத்துல அது நேரா வீசாது, சுருண்டு சுருண்டு கீழ அமுக்கும். 900 கிராம் விமானத்துக்கு அது கை வெச்சு அமுக்கற மாதிரி. தை மாசத்துல காலை ஏழு மணிக்கு அதே இடம் அமைதியா இருக்கும். வெயில் ஏறி பாறை சூடாகிறதுக்குள்ள முடிச்சுக்கங்க.

இடம் தேடறது இன்னொரு வேலை. தேவாரத்தைச் சுத்தி தென்னந்தோப்பு. தென்னைமரத்து உச்சியில மாட்டின விமானத்தை எடுக்க மரம் ஏறுறவருக்குக் கூலி கொடுக்கணும், அது பரவாயில்ல. மின்கம்பியில மாட்டினா தொடவே தொடாதீங்க, மின்வாரியத்துக்குச் சொல்லுங்க. வறண்ட கண்மாய்த் தரையோ, அறுவடை முடிஞ்ச மானாவாரி நிலமோ பாருங்க. நிலத்துக்காரர்கிட்ட முதல் நாளே கேட்டுடுங்க. மாடு மேயுற பக்கம் வேண்டாம், காட்டு ஓரம் சுத்தமா வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிடறேன். 2021 ட்ரோன் விதிகள் நாலு விசிறி வெச்ச ட்ரோனுக்கு மட்டும் இல்ல, இறக்கை வெச்ச மாடல் விமானத்துக்கும் சேர்த்துதான். 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்துல உங்க இடம் பச்சை மண்டலமான்னு பாருங்க. பச்சைன்னா 120 மீட்டர் உயரம் வரைக்கும். விமானம் எப்பவும் கண் பார்வைக்குள்ள இருக்கணும். 2 கிலோவுக்குள்ள, பொழுதுபோக்குக்குன்னா பைலட் சான்றிதழ் தேவையில்ல. அந்த 2 கிலோவைத் தாண்டினா வகையே மாறிடும், அதையும் பெட்ரோல் வழிக்குப் போறவங்க கணக்குல வெச்சுக்கங்க. பதிவு எண் விவரத்தையும் படிச்சுக்கங்க.

முதல் தடவை பறக்கவிடறதுக்கு முன்னாடி இறக்கைக்கு அடியில ரெண்டு பக்கமும் விரல் வெச்சுத் தூக்குங்க. 22 சென்டிமீட்டர் அகல இறக்கையில, முன் விளிம்புல இருந்து அஞ்சரை சென்டிமீட்டர்ல விரல் வெச்சா சமமா நிக்கணும். ஆறரை வரைக்கும் போகலாம், ஆனா அது கை பழகினப்புறம். வால் தாழ்ந்தா பறக்கவிடாதீங்க. மூக்குல ஈயம் வைங்க, எடை கூடினாலும் பரவாயில்ல. இவ்வளவு நேரம் கிராம் கிராமா சண்டை போட்ட நானே சொல்றேன்.

மேல ஏறினதும் உடனே லூப் அடிக்காதீங்க. ரெண்டு தென்னை உயரத்துக்கு மேல போய், ரெண்டு மூணு வட்டம் நேரா ஓட்டி, ட்ரிம் சரி பண்ணுங்க. அப்புறம் இன்னும் மேல போய் ஆக்சிலரேட்டரைக் குறைச்சு, எந்த வேகத்துல பிடி விடுதுன்னு பாருங்க. எந்த இறக்கை முதல்ல சாயுதுன்னும் தெரியும். இறங்கறப்ப அது உங்களுக்குத் தேவைப்படும். அதுக்கப்புறம் முழு ஆக்சிலரேட்டர், எலிவேட்டரை மெதுவா இழுங்க. மூக்கு மலையைத் தாண்டி, வானத்தைத் தாண்டி, தலைகீழா வந்து, கீழ வர்றப்ப ஆக்சிலரேட்டரைக் குறைங்க. வட்டம் முதல் தடவை முட்டை மாதிரிதான் வரும். எல்லாருக்கும் அப்படித்தான் வரும்.

கேள்வி கேட்ட நண்பரே, விமானம் தயாரானதும் எடை எவ்வளவு வந்துச்சுன்னு எழுதுங்க.